கணையப் புற்று தணிந்த பிறகு மருந்தைத் தொடர்வதா, நிறுத்திவிட்டுக் கவனித்து வருவதா?

தாமுவே தையற்காரி, இரங்கூன்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 56 வயதாகிறது. இரங்கூன் தாமுவேயில் 30 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்து வருகிறேன். நம் பெண்களுக்கு ரவிக்கையும் பர்மியப் பெண்களுக்கு எஞ்சி என்ற மேற்சட்டையும் தைத்துக் கொடுத்து வந்த வருமானத்தில்தான் மகனையும் மகளையும் படிக்க வைத்தோம். 16 மாதங்களுக்கு முன்பு உடம்பெல்லாம் அரிப்பெடுத்துக் கண் மஞ்சளித்தது. சாதாரண மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்த 3 வாரத்துக்குள் எடை 7 கிலோ குறைந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி இருப்பதும், அது பித்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதும் தெரியவந்தன. தம்பியின் குடும்பம் சென்னையில் இருப்பதால் அங்கே போய், கணையத்தின் தலைப்பகுதியை எடுத்துவிடும் விப்பிள் அறுவை செய்துகொண்டேன். கட்டி 2.4 செ.மீ. என்றும், வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்றும், எடுத்த 19 நிணநீர்க் கணுக்களில் 2-இல் புற்று இருந்தது என்றும் அறிக்கை வந்தது.

அதன் பிறகு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற, பல மருந்துகள் சேர்ந்த கீமோவை 12 சுற்று கொடுத்தார்கள். முதல் 4 சுற்றுகள் சென்னையிலும் மீதி இரங்கூனிலும் நடந்தன. விரல்கள் மரத்துப் போனதால் 8-ஆம் சுற்றுக்குப் பிறகு அதில் உள்ள ஆக்ஸாலிப்ளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கொடுத்து முடித்தார்கள். எல்லாம் முடிந்து 6 மாதமாகிறது. சென்ற வாரம் எடுத்த சிடி ஸ்கேனில் எதுவும் தென்படவில்லை. இந்தப் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 அளவு 24. நோய் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், தணிந்திருக்கிறது என்றுதான் சொல்வேன் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு மகிழ்வதா பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அறுவை செய்த மருத்துவர், இனி மருந்து எதுவும் வேண்டாம், 3 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்கிறார். இங்கே பார்க்கும் மருத்துவர், கணுக்களில் நோய் இருந்ததால் கேப்பசைட்டபின் என்ற கீமோ மாத்திரையை இன்னும் 6 மாதம் சாப்பிடுவது நல்லது என்கிறார். சென்னையில் கீமோ கொடுத்தவரோ, என் ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ 2 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக வந்திருப்பதால் ஓலாபரிப் என்ற மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதன் விலையைக் கேட்டுவிட்டு என் கணவர் வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். மைத்துனர் நாட்டு மருந்துப் பொடி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று துணியைத் திருப்பித் திருப்பித் தேடிய பிறகுதான் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறி நிற்பதைக் கண்டேன். வலியே தெரியவில்லை. கை போனால் என் வாழ்வில் பாதி போன மாதிரிதான். ஆனாலும் உயிருக்காகக் கையைக் கொடு என்றால் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் உயிர் நீளும் என்பது உண்மையா என்று யாராவது சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் அடுத்த ஸ்கேன் வரை காத்திருப்பதும் எனக்குத் தாங்கக்கூடியதாக இல்லை.

மகளுக்குத் தை மாதம் நிச்சயம் செய்ய இருக்கிறோம். மரபணு விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மோல்மேன் வாசி:

சகோதரிக்கு வணக்கம். என் மனைவிக்கும் இதே நோய்தான். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் அறுவைக்கு வழியில்லை. அவருக்கும் பிஆர்சிஏ 2 மாற்றம் இருந்தது. 5 மாதக் கீமோவில் கட்டிகள் சுருங்கிய பிறகு ஓலாபரிப் கொடுத்தார்கள். அந்த மாத்திரையோடு 11 மாதம் என் மனைவி வீட்டில் நடமாடினார், சமைத்தார், தைப்பூசத்தன்று கோயில் வாசலில் 2 மணி நேரம் நின்று காவடிகளைப் பார்த்தார். ஊசி குத்திக்கொண்டு கட்டிலில் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் அந்த 11 மாதங்களை நான் கடவுள் கொடுத்ததாகவே எண்ணுகிறேன். ரத்தச்சோகை வந்து இரண்டு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது என்பதையும், மாத்திரை வந்து சேரத் தாமதமான வாரங்களில் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியாது.

அவர் போய் ஒன்றரை ஆண்டாகிறது. உங்களுக்கு அந்த மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி, இரங்கூன்:

தங்கச்சி, சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பிரிவில் 19 ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். உங்களுக்கு எது சரி என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் உங்கள் மருத்துவர்களும் நீங்களும்தான். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல மட்டும் எனக்குப் பழக்கம் உண்டு.

நீங்கள் செய்துகொண்டது அரைகுறைச் சிகிச்சை என்ற எண்ணம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். அறுவைக்குப் பின் ஃபோல்ஃபிரினாக்ஸ் கொடுப்பது நல்லது என்று காட்டியது, பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான பிராடிஜ் 24 என்ற ஆய்வு. அதில் மருந்து கொடுத்த காலம் 24 வாரம், அதாவது உங்களுக்குக் கொடுத்த அதே 12 சுற்றுகள். அந்த மருந்தைப் பெற்றவர்களில் பாதிப் பேர் உயிரோடு 54 மாதங்களைக் கடந்தார்கள். ஜெம்சைட்டபின் என்ற வேறொரு கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் கடந்தது 35 மாதம். 5 ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 100-க்கு 43 பேரும் இரண்டாவதில் 31 பேரும் உயிரோடு இருந்தார்கள். முதல் பிரிவிலும் நோய் திரும்பாமலே 5 ஆண்டைத் தாண்டியவர்கள் 100-க்கு 26 பேர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மருத்துவர் 'தணிந்திருக்கிறது' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் கணக்குத்தான். ஆக்ஸாலிப்ளாட்டினை இடையில் நிறுத்துவது மிகவும் சாதாரணமாக நடப்பது. அதற்காக வருந்த வேண்டாம்.

கேப்பசைட்டபினைப் பற்றி. 2017-இல் வெளியான எஸ்பாக் 4 ஆய்வில் அதை ஜெம்சைட்டபினோடு சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் கடந்த காலம் 25.5 மாதத்திலிருந்து 28 மாதமாகக் கூடியது. ஆனால் அது அறுவைக்குப் பிந்திய முதல் 6 மாதத்தில் கொடுத்த மருந்தைப் பற்றிய ஆய்வு. ஃபோல்ஃபிரினாக்ஸை முழுதாக முடித்து, ஸ்கேனும் தெளிவாக இருக்கும் ஒருவருக்கு மேலும் 6 மாதம் கொடுப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆகவே இரங்கூன் மருத்துவரிடம் மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: "ஐயா, என்னைப் போல மருந்தை முடித்தவர்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்து ஆயுள் கூடியதாக எந்த ஆய்வு காட்டியிருக்கிறது?" உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேப்பசைட்டபின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்துத் தோலை உரிக்கும். சிலருக்குக் கைரேகையே மங்கிவிடும். கையை நம்பிப் பிழைக்கும் ஒருவர், ஏற்கெனவே விரல் மரத்திருக்கும்போது, பயன் உறுதியாகத் தெரியாத ஒரு மருந்துக்காகக் கையைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

மோல்மேன் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கினேன். அவர் மனைவிக்குக் கொடுத்தது மிகச் சரியான இடத்தில் கொடுத்த மருந்து. 2019-இல் வெளியான போலோ ஆய்வு அவரைப் போன்றவர்களைக் கொண்டுதான் நடந்தது: நோய் வேறு உறுப்புக்குப் பரவி, பிறவியிலேயே பிஆர்சிஏ மாற்றம் இருந்து, ஆக்ஸாலிப்ளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்தைக் குறைந்தது 16 வாரம் பெற்று, அதற்குள் நோய் முன்னேறாதவர்கள். ஓலாபரிப் சாப்பிட்டவர்களுக்கு நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த காலம் 7.4 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 3.8 மாதம். மொத்த ஆயுளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் நிலை வேறு, தங்கச்சி. கட்டியை முழுதாக எடுத்து, இப்போது எதுவும் தென்படாத ஒருவருக்கு அந்த ஆய்வின் எண்களை அப்படியே பொருத்த முடியாது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன், எனக்கு எந்த ஆதாரத்தின் பேரில் கொடுக்கிறீர்கள், எத்தனை மாதம், ரத்த அணுக்களை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள், நோய் திரும்பினால் அப்போது பயன்படுத்த என்ன மிச்சம் இருக்கும் என்று சென்னை மருத்துவரிடம் கேளுங்கள். அறிக்கையில் அந்த மாற்றம் 'நோய் விளைவிக்கக்கூடியது' என்று இருக்கிறதா, 'பொருள் தெளிவில்லாதது' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் இந்த மாத்திரையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

சும்மா காத்திருப்பது தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவனித்து வருவது சும்மா இருப்பதாகாது. முதல் 2 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, சிஏ 19-9, ஸ்கேன் ஆகியவை உண்டு. சிஏ 19-9-ஐ எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். 37-க்குக் கீழே இருப்பது வழக்கமான அளவு. பித்தக்குழாயில் அடைப்போ தொற்றோ வந்தாலும் அது ஏறும் என்பதால், ஒரு முறை ஏறியதும் பயந்துவிடாமல் மறுமுறை பார்க்க வேண்டும்.

எடையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சாப்பாடு செரிப்பதற்கான நொதி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எப்போது சாப்பிடுகிறீர்கள்? மலம் மிதக்கிறதா, எண்ணெய் படிகிறதா, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொள்கிறதா? இவற்றைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கணையத்தின் ஒரு பகுதி போன பிறகு சாப்பாட்டில் உள்ள கொழுப்பு செரிப்பதில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு வெளியே போய்விடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ், அதாவது கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதி, தேவைப்படும் என்பது பொதுவான தொடக்க அளவு. அதைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ விழுங்காமல், முதல் கவளத்தோடு ஒன்றும் நடுவில் ஒன்றுமாகச் சாப்பிட வேண்டும். சித்திரை வெயிலில் அந்த டப்பாவை அடுப்படி அலமாரியில் வைத்தால் மருந்தின் சக்தி போய்விடும். எண்ணெய் மேலே மிதக்கும்படி வைக்கும் பர்மியக் குழம்பை நாம் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிறோம். அதைச் சாப்பிடும் நாளில் மாத்திரை கூடத் தேவைப்படும். சர்க்கரையையும் பாருங்கள். கணையம் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதோடு திடீரென்று இறங்கியும் போகும்.

விரல் மரத்துப் போவது ஆக்ஸாலிப்ளாட்டினை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிவிட்டு அப்புறம் மெல்லக் குறைவது வழக்கம். சிலருக்கு முழுதாகப் போவதில்லை. வலியும் எரிச்சலும் இருந்தால் டுலாக்ஸ்டின் உதவக்கூடும். மைத்துனரின் பொடியில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்க முடியாவிட்டால் சாப்பிட வேண்டாம். உலோகம் சேர்ந்த பஸ்பமாக இருந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடலாம்.

பெகு மகள்:

அம்மா, நான் உங்கள் மகளின் வயதை ஒட்டியவள் என்று நினைக்கிறேன், அதனால் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் தாய்க்கு அறுவை நடந்து 4 ஆண்டாகிறது, நன்றாக இருக்கிறார். அவருக்கும் இந்த மரபணு மாற்றம் உண்டு. என்னிடமும் அண்ணனிடமும் 7 மாதம் மறைத்து வைத்திருந்தார். ஒருநாள் அலமாரியில் ரேஷன் அட்டையைத் தேடும்போது நானே அந்த அறிக்கையைப் படித்தேன். கோபம் வந்தது என்னவோ உண்மை. நோயைக் கண்டு வந்த கோபமாக அது இருக்கவில்லை. 7 மாதம் அம்மா தனியாக அதைச் சுமந்திருக்கிறாரே என்ற கோபம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆண் பிள்ளைக்கும் அதே அளவு உண்டு, அவன் வழியாக அவன் பிள்ளைகளுக்கும் போகும், ஆகவே மகளைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள். உங்கள் தம்பியும் சோதித்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு இல்லை என்று வந்தது. எனக்கு இருக்கிறது. இருக்கிறது என்பதால் நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. இந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கணையப் புற்று வருவதே இல்லை. பெண்களுக்கு அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை மார்பகமும் சூலகமும். 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொருமுறை மார்பகத்தை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குச் சொன்னார்கள். பிள்ளை பெற்ற பிறகு, 40-ஐத் தாண்டியதும், சூலகத்தை எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

பெண் பார்க்க வந்த வீட்டில் சொல்வதா என்று எங்கள் வீட்டிலும் பெரிய வாக்குவாதம் நடந்தது. பெரியப்பா வேண்டவே வேண்டாம் என்றார். நான் மாப்பிள்ளையிடம் மட்டும் நேரில் சொன்னேன். அவர் 2 நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சென்னையில் எந்த இடத்தில் எம்ஆர்ஐ எடுப்பாய் என்று கேட்டார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, அம்மா. ஆனால் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை உங்கள் மகள் எடுக்கட்டும். அதற்கு அவளுக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும்.

மோல்மேன் வாசி:

செவிலி அம்மா எழுதியதைப் படித்தேன். என் மனைவியின் நிலைக்கும் சகோதரியின் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டை விற்றாவது வாங்குங்கள் என்று அர்த்தம் வரும்படி எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். நொதி மாத்திரையைப் பற்றி எங்களுக்கு யாரும் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. என் மனைவி கடைசி ஆண்டில் இளைத்ததெல்லாம் நோயினால்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

தாமுவே தையற்காரி, இரங்கூன்:

எழுதிய மூவருக்கும் என் நன்றி. பதில்களை என் கணவருக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன்.

செவிலி அக்காவுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நொதி மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் அதைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில் சாப்பிட்டு முடித்த பிறகு, ஞாபகம் வந்தால் ஒன்று விழுங்குவேன். எடை இப்போது 46 கிலோ. நோய்தான் உருக்குகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். கோயில் குருக்களிடம் கேட்டேன். உயிர் காக்கும் மருந்துக்கு விரதம் தடையில்லை, அம்மன் கேட்க மாட்டாள் என்றார். 9 நாளாகச் சொன்னபடி சாப்பாட்டின் நடுவே சாப்பிடுகிறேன், வெள்ளிக்கிழமையும் சேர்த்து. வயிற்று இரைச்சல் குறைந்திருக்கிறது.

இரங்கூன் மருத்துவரிடம் அக்கா எழுதிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆதாரம் என்று காட்ட ஒன்றும் இல்லை, உங்கள் கணுக்களை நினைத்துப் பயந்துதான் சொன்னேன் என்றார். கேப்பசைட்டபின் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மரபணு அறிக்கையில் 'நோய் விளைவிக்கக்கூடியது' என்றுதான் இருக்கிறது. ஆகவே ஓலாபரிப் கேள்வி முடியவில்லை. ஜனவரியில் சென்னை போகும்போது நேரில் பேசுவதாக இருக்கிறோம். அதுவரை வீட்டுப் பத்திரம் பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது.

மகளிடமும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இரவு மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எனக்காக ஊசிகளில் நூல் கோத்து, ஒவ்வொன்றாகத் தலையணையில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள், பகலில் நான் எடுத்துத் தைக்க வசதியாக. பேச்சு வராததால் அறிக்கையை அவள் கையில் கொடுத்தேன். கடைசித் தாள்வரை படித்துவிட்டு, "எனக்கும் தம்பிக்கும் எங்கேம்மா ரத்தம் எடுப்பார்கள்?" என்று கேட்டாள். பிறகு மீதியிருந்த ஊசிகளையும் எடுத்துக் கோக்கத் தொடங்கினாள். ஜனவரிக்கு நான்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.